சூத்திரத்திற்கு உரை வேண்டும்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கையில் தேர்வுக் காலத்தில் தவறாது காணப்படும் பொருள் ஒன்று உண்டு. அது பாடநூல் அன்று, குறிப்பேடும் அன்று. ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சூத்திரத் தாளே அது. 'இயற்பியலின் இன்றியமையாச் சூத்திரங்கள் நூறு' என்றோ, 'இருநூறு' என்றோ அதற்குத் தலைப்பு இருக்கும். பேருந்தில் அதைப் படிப்பர். தேர்வறை வாயிலில் இறுதியாக ஒருமுறை பார்ப்பர். தேர்வு முடிந்ததும் எறிந்துவிடுவர். எறியப்படுவது தாள் மட்டுமாயின் நமக்குக் கவலையில்லை. இரண்டாண்டுக் கல்வியே அத்தாளோடு எறியப்படுகிறது என்பதே நம் கவலை.

தமிழ்த் துறையின் மலரில் இயற்பியலுக்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். 'சூத்திரம்' என்னும் சொல் தமிழ் மாணவர்க்கு நெடுங்காலமாக உரியது. சில எழுத்துகளில் பல பொருளை அடக்கி நிற்பதே சூத்திரம் என்றும், சிறிய ஆடியில் பேருருவம் தெரிவதைப் போன்றது அது என்றும் நம் இலக்கண நூலார் விளக்கியுள்ளனர். அவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. சூத்திரம் என்றால் அதற்கு உரை உண்டு எனக் கொண்டு, உரையின் இலக்கணத்தையும் வகுத்தனர். உரையின்றி நூற்பாவை மட்டும் ஒப்பித்தவனை இலக்கணம் கற்றவன் என நம் முன்னோர் ஏற்றுக்கொண்டதில்லை. இயற்பியல் மாணவனுக்கு மட்டும் அந்தச் சலுகையை நாம் ஏன் வழங்க வேண்டும்?

காட்டுப்பள்ளி கற்பிக்கும் பாடம்

இவ்வினாவை வெறும் தேர்வு நுணுக்கமாகக் கருதுவோர் காட்டுப்பள்ளியை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும், தெற்கே எண்ணூர்க் கழிமுகமும் வடக்கே பழவேற்காட்டு ஏரியும் சூழ அமைந்த மணல் நிலம் அது. மீனவக் குப்பங்கள் நிறைந்த அந்நிலப்பகுதி இன்று இயற்பியலின் பெரும் ஆய்வுக்கூடம் போல் மாறியுள்ளது. நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்குள்ளது. கப்பல் கட்டும் தளமாகத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய துறைமுகமும் அங்கேயே உள்ளது. அருகில் வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் அனல்மின் நிலையமும் நிற்கின்றன. வடக்கே ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்திகள் எழுகின்றன.

இத்துணை இயற்பியலுக்கு நடுவே வாழும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நாம் இயற்பியலை எவ்வாறு தருகிறோம்? நான்காக மடித்த தாளில் தருகிறோம். துறைமுக விரிவாக்கம் போன்ற பெருந்திட்டம் வரும்போது, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெற வேண்டும். அறிக்கையின் சுருக்கமே வட்டார மொழியில் தரப்படும். முழு அறிக்கையிலோ நீரோட்டத்தின் திசைவேகம், அலையின் உயரம், மணல் நகரும் அளவு, ஒலியின் டெசிபல் என எண்களே நிறைந்திருக்கும். அவ்வெண்களைப் படித்து, ஐயம் எழுப்பி, தம் ஊரார்க்குத் தமிழில் எடுத்துரைப்பவர் அவ்வூரிலேயே பிறந்தவராக இருக்க வேண்டாவா? ஒலியின் அளவு 10 டெசிபல் கூடிற்று என்றால் அதன் செறிவு பத்து மடங்காயிற்று என்பது பொருள். பத்து என்பது சிறிய எண்ணாயிற்றே என்று எண்ணுபவர் ஏமாறுவர். சூத்திரம் அறிந்தவர் ஏமாறார்.

உரையின் ஐந்து உறுப்புகள்

காண்டிகையுரைக்கு நன்னூல் கூறும் உறுப்புகள் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பன. ஒவ்வொரு சூத்திரத்திற்கும் மாணவர் இவ்வைந்தையும் தம் கைப்பட எழுதுவாராயின் அதனினும் சிறந்த தேர்வுத் தயாரிப்பு இல்லை என்பது நம் துணிபு. சில காட்டுகளால் இதனை விளக்குவோம்.

எதிரொலியின் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆழம் = ஒலியின் திசைவேகம் × நேரம் ÷ 2. ஒலி சென்று திரும்பும் நேரத்திலிருந்து ஆழத்தை அறிவது இதன் கருத்து. பதப்பொருளில் உயிரானது அந்த 2. ஒலி கீழே சென்று மேலே திரும்புவதால் வழி இரட்டிக்கிறது, ஆதலின் பாதியாக்குகிறோம். இன்று படகுகளில் வைத்துள்ள மீன் காட்டும் கருவி இதற்குக் காட்டு. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால் ஆழம் 30 மீட்டர். பாதியாக்க மறந்தவர் 60 என்பார். தேர்வில் அவருக்கு மதிப்பெண் போகும். கடலில் அவர் வலை தரைதட்டிக் கிழியும்.

அடுத்து ஒளிவிலகல். உண்மை ஆழம் ÷ தோற்ற ஆழம் = ஒளிவிலகல் எண். நீருக்கு அது ஏறத்தாழ 1.33. நான்கடி ஆழத்தில் உள்ள மீன், நேர் மேலிருந்து நோக்குவார்க்கு மூன்றடியில் இருப்பதுபோல் தோன்றும். ஈட்டியால் மீன் குத்துவோர் மீன் தெரியும் இடத்திற்குச் சற்றுக் கீழே குறிவைப்பது இதனால்தான். இவ்விலகலின் விதியைக் கி.பி. 984 அளவில் பாக்தாதின் இப்னு ஸஹ்ல் வடிவக் கணிதத்தால் காட்டினார். ஒளியியலை ஆய்வு நெறிப்படுத்தி 'கிதாபுல் மனாஸிர்' என்னும் பெருநூலை இப்னுல் ஹைதம் யாத்தார். நாம் பாடநூலில் 'ஸ்நெல் விதி' எனப் படிப்பதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முந்திய செய்தி இது. முன்னோர் பெருமை பேசுவதற்காக இதனை நாம் கூறவில்லை. அவர்கள் சூத்திரத்தை ஒப்பிக்கவில்லை, கண்டறிந்தனர் என்பதை நினைவூட்டவே கூறுகிறோம்.

மூன்றாவதாக, காட்டுப்பள்ளிக் குடிநீர் நிலையம். சவ்வூடு பரவல் அழுத்தம் = செறிவு × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். அஃது ஏறத்தாழ 0.6 மோல். உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் 1.2 மோல் எனக் கொள்ள வேண்டும். அதாவது ஒரு கனமீட்டருக்கு 1,200. வாயு மாறிலி 8.3, வெப்பநிலை 300 கெல்வின். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 30 இலட்சம் பாஸ்கல் வரும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் முப்பது மடங்கு. நன்னீரைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின் இதனினும் மிகுதியாகக் கடல்நீரை அழுத்தியாக வேண்டும்.

இதனோடு 'வேலை = அழுத்தம் × பருமன்' என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் நன்னீருக்குக் குறைந்தது 30 இலட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் ஜூல். ஆகவே ஆயிரம் லிட்டருக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் செலவாவது இயற்கையின் கட்டளை. எந்தப் பொறியாளராலும் அதற்குக் கீழே செல்ல இயலாது. நடைமுறையில் இதனைப் போல் பன்மடங்கு ஆகும். நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் என்றால் எத்துணை மின்சாரம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஐந்து நிமிடத்தில் கணித்துவிடலாம். தன் ஊரில் நிற்கும் ஆலையைத் தன் கையெழுத்தால் அளந்து பார்க்கும் ஆற்றலை அவளுக்கு நாம் தந்தோமா என்பதே கேள்வி.

நூறன்று, சிலவே

இன்றியமையாச் சூத்திரங்கள் நூறு, இருநூறு என்பதே பிழைபட்ட எண்ணம். அவற்றுட் பெரும்பாலானவை ஒரு சில வேர்களின் கிளைகள். நியூட்டனின் இரண்டாம் விதி; ஆற்றல் மாறாக் கோட்பாடு; உந்தம் மாறாக் கோட்பாடு; ஈர்ப்பு விதி; மின்னூட்டங்களுக்கிடையே உள்ள கூலும் விதி; ஓமின் விதி; காந்தப்பாயம் மாறுவதால் மின்னியக்கு விசை தோன்றும் என்னும் ஃபாரடே விதி; அலையின் திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்பது; வாயுச் சமன்பாடு; ஒளித்துகளின் ஆற்றல் = பிளாங்க் மாறிலி × அதிர்வெண் என்பது. இப்பத்தையும் உரையோடு கற்றவர் ஏனைய பலவற்றைத் தாமே வருவித்துக்கொள்வர்.

ஒன்றைக் காண்போம். பனையிலிருந்து விழும் காயின் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதிலிருந்து திசைவேகம் = √(2 × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்) எனக் கிடைக்கிறது. இதில் உயரத்தின் இடத்தில் புவியின் ஆரமாகிய 64 இலட்சம் மீட்டரை இட்டுப் பாருங்கள். நொடிக்கு ஏறத்தாழ 11.2 கிலோமீட்டர் வரும். அதுவே புவியின் விடுபடு திசைவேகம். ஈர்ப்பு முடுக்கம் உயரம் செல்லச் செல்லக் குறைவதையும் கணக்கில் கொண்டே பாடநூல் இதனை வருவிக்கிறது. எனினும் விடை இவ்வடிவிலேயே அமைகிறது. பனங்காயும் ஏவூர்தியும் ஒரே குடும்பம் என்பதை அறிந்த மாணவர் இரண்டையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை.

ஆழங்குறைந்த நீரில் நீண்ட அலையின் திசைவேகம் = √(ஈர்ப்பு முடுக்கம் × ஆழம்) என்பதும் இவ்வாறே. மீட்டரையும் நொடியையும் மட்டும் வைத்துப் பரிமாணப் பகுப்பாய்வு செய்தாலே இதன் வடிவம் புலப்படும். ஆழிப்பேரலையின் நீளம் கடலின் ஆழத்தினும் மிகப் பெரிதாதலால், நடுக்கடலும் அதற்கு ஆழங்குறைந்த நீரே. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். கரையோரம் ஆழம் 10 மீட்டராகும்போது மணிக்கு 36 கிலோமீட்டர்தான். வேகம் குறையக் குறைய அலை நெருங்கி உயர்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நம் கடற்கரை கண்ட துயரம் இச்சூத்திரத்தினுள் அடங்கியிருக்கிறது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாது மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைக் கரையோரப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய சூத்திரத்தை ஐந்து மதிப்பெண் வினா என்று மட்டும் எவ்வாறு கருதுவது?

வல்லூர் மின்சாரம் ஏன் 400 கிலோவோல்ட் அளவில் கம்பிகளில் செல்கிறது என்பதும் ஒரு வரிச் சூத்திரமே. கம்பியில் வீணாகும் திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை. மின்னழுத்தத்தை நூறு மடங்கு உயர்த்தினால், அதே திறனுக்கு மின்னோட்டம் நூற்றில் ஒரு பங்காகும். இழப்போ பதினாயிரத்தில் ஒரு பங்காகும். 'இருமடி' என்னும் ஒரு சொல்லின் பொருள் இது.

சொல் பிறழின் பொருள் பிறழும்

இங்கேதான் தமிழ்த் துறையின் கடமை தொடங்குகிறது. விசை, வேலை, ஆற்றல், திறன் என்னும் நான்கும் இயற்பியலில் நான்கு பொருள். பேச்சு வழக்கிலோ நான்கையும் 'சக்தி' என்று முடித்துவிடுகிறோம். ஓடும் நீரில் வலைக்கயிற்றை அசையாது பிடித்து நிற்பவரின் தோள் வலிக்கிறது. ஆயினும் கயிறு நகராதவரை அதன்மேல் அவர் செய்த வேலை சுழி என்கிறது இயற்பியல். 'வேலை' என்னும் சொல்லுக்கு உலக வழக்கு வேறு, நூல் வழக்கு வேறு என விளக்காமல் சூத்திரத்தை மட்டும் தந்தால் மாணவர் திகைப்பர்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நிறை' என்பது பொருளின் அளவு. 'எடை' என்பது புவி அதனை ஈர்க்கும் விசை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ முன்னதைத் 'திணிவு' என்பர். பின்னதையே 'நிறை' என்பர். ஒரே சொல் கடலின் இரு கரைகளிலும் இரு பொருள் தருகிறது. இதனை அறியாது அயல் நூலைப் படிக்கும் மாணவர் தடுமாறுவது இயல்பே.

சொற்பிறழ்ச்சி எத்துணைப் பெரிய தீங்காக முடியும் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் நீட் தேர்வே சான்று. தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டன எனத் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது அத்தேர்வின் விதி. அவ்வாறாயின், தமிழில் எழுதும் ஏழை மாணவருக்குக் காப்பு எது? அலகையும் பரிமாணத்தையும் வைத்து, 'இவ்வினாவில் ஏதோ பிழை உள்ளது' என உணரும் தெளிவே அவருக்குள்ள காப்பு. அத்தெளிவு தாளில் கிட்டாது, உரையில் கிட்டும்.

மனனம் குற்றமாகுமா?

தேர்வு நெருக்கத்தில் இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்பர் சிலர். அக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 வினாக்களுக்கு 180 நிமிடம். அவற்றுள் இயற்பியல் 45. வினாவுக்கு ஒரு நிமிடமே கிடைக்கும்போது அடிப்படையிலிருந்து வருவித்துக்கொண்டிருக்க இயலாது. நினைவில் நிற்பதே உதவும்.

மனனத்தை நாம் பழிக்கவில்லை. திருக்குர்ஆன் முழுமையையும் நெஞ்சில் தாங்கும் ஹாஃபிழ்களைப் போற்றும் சமுதாயம் மனனத்தைப் பழிக்க முடியாது. ஆயினும் ஹிஃப்ழுக்கு அருகில் தஃப்ஸீரையும் வைத்த சமுதாயம் நம்முடையது. ஓதுதலும் பொருளுணர்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. உணர்ந்து பதிந்தது நெடுநாள் நிற்கும். உணராது பதிந்தது தேர்வறையின் பதற்றத்தில் முதலில் நழுவும். வினாவுக்கு ஒரு நிமிடம் என்பதனாலேயே, எந்தச் சூத்திரம் எவ்விடத்திற் பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என்னும் தெளிவு முன்கூட்டியே வேண்டும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும் தேர்வில் பொருந்தாத சூத்திரம் இரட்டை இழப்பு.

அளவையும் வழிபாட்டையும் பிரிக்காத மரபும் நமக்குண்டு. பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறியப் பயன்பட்ட நிழற்கடிகாரம் உள்ளது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றும் கணக்கே அதன் அடிப்படை. நண்பகலில் எஞ்சும் நிழலோடு பொருளின் உயரத்தைக் கூட்டிய அளவுக்கு நிழல் நீளும்போது அஸர் நேரம் தொடங்குவதாக ஷாஃபி மத்ஹப் கொள்ளும். ஹனஃபி மத்ஹப் உயரத்தின் இருமடங்கைக் கூட்டும். இவ்விரண்டும் கோணக் கணிதமே. ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடிவானம் தாழும் கோணத்தை அளந்து புவியின் ஆரத்தைக் கணித்தவர் அல்பிரூனி. அதே வடிவக் கணிதத்தின்படி அடிவானத் தொலைவு = √(2 × புவி ஆரம் × கண்ணின் உயரம்). படகில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து நோக்குபவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டர். 50 மீட்டர் உயரத்து விளக்குக்கு 25 கிலோமீட்டர். ஆகவே அவ்விளக்கு அவருக்கு 30 கிலோமீட்டரில் கண்ணுக்குப் படும். கரை எவ்வளவு தொலைவு என்பதைக் கண்ணால் அளந்த மீனவ முதியோரின் அனுபவமும் அல்பிரூனியின் கணிதமும் கைகோக்கும் இடம் இது.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, இயற்பியல் துறையும் தமிழ்த் துறையும் கூடி, வேர்ச் சூத்திரங்களுக்குக் காண்டிகை முறையில் ஒரு கையேடு ஆக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அலகு, பொருந்தும் எல்லை, வட்டாரக் காட்டு ஆகியன இடம்பெற வேண்டும். எண்ணூர்ப் பிள்ளைக்கு எண்ணெயின் அடர்த்தியை விளக்க, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மிதந்த நிகழ்வினும் தெளிவான காட்டு வேறில்லை.

இரண்டாவது, ஜமாஅத்துகளும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளும் கைகோத்து மாலை நேரப் படிப்பகங்களை நடத்த வேண்டும். பள்ளிவாசலின் கூடமோ, குப்பத்தின் சமுதாயக் கூடமோ போதும். விளக்கும் கரும்பலகையும் போதும். நம் கல்லூரி மாணவர் வாரம் ஒரு நாள் சென்று கற்பிக்கலாம். மதம் பாராது, ஊர் பாராது இப்பணி நடைபெற வேண்டும். ஏரியின் உப்பு எல்லோர் வலையிலும் ஒன்றாகவே படிகிறது.

மூன்றாவது, மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். சூத்திரத் தாளை விலைக்கு வாங்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சூத்திரம், ஐந்து உறுப்புகள், அரைப் பக்கம். மூன்று திங்களில் அது நூலாகிவிடும். அந்நூலை நீங்கள் எறிய மாட்டீர்கள்.

இராமேசுவரத்தில் படகுடைமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஏ.பி.ஜே. அப்துல் கலாம், எஸ்.எல்.வி-3 ஏவூர்தியின் திட்ட இயக்குநராக விளங்கினார். 1980 ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து அது விண்ணேறியது இதே பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஏவூர்தி எழும் நாள்களில் பாதுகாப்பை முன்னிட்டு ஏரி மீனவர்க்கு மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அந்நாள்களில் கரையில் நின்று வானை நோக்கும் பிள்ளைகளுள் ஒருவரேனும் ஏரியைக் கடந்து அந்த ஏவுதளத்தினுள் அறிவியலாளராக நுழைய வேண்டும். வேறொருவர் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து எண்களோடு பேச வேண்டும். இவ்விருவரும் ஒரே சூத்திரங்களையே கற்றிருப்பர். அவற்றுக்கு உரை எழுதித் தரும் கடன் நம்முடையது. வல்ல இறைவன் அதற்கு நமக்கு அருள்புரிவானாக!